உடம்பு போட்ட கதை

லேபர் கேம்ப்பில் நான் வளர்ந்த காலத்தில் யாரும் யாரையும் "சௌக்கியமா" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஆளைக் கண்டதும் உடம்பைப் பற்றித்தான் பேச்சு. "என்னல, நல்லா உடம்பு போட்டிருக்கே!" என்றால் அது வாழ்த்து. வேலை நிலைத்துவிட்டது, கையில் நாலு காசு புரளுகிறது, வேளைக்குச் சோறு கிடைக்கிறது என்று பொருள். "எலும்பும் தோலுமால்லா ஆயிட்டே" என்றால் விசாரணை தொடங்கிவிடும். இருமல் உண்டா, ராத்திரிக் காய்ச்சல் வருகிறதா, குடிக்கிறானா, வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொண்டானா என்று தெருவே துருவும். மெலிந்ததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். பெருத்ததற்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

பம்பாயில் எங்கள் கேம்ப்புக்குப் பேர்தான் மாட்டுங்கா. பூக்கடைகளும் ஃபில்டர் காபியும் கச்சேரிகளும் உள்ள மாட்டுங்கா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். எங்கள் லேபர் கேம்ப் இந்தப் பக்கம், தாராவியை ஒட்டி. அந்தப் பக்கத்தில் தொந்தி சர்வசாதாரணம். இந்தப் பக்கத்தில் அபூர்வம். எங்கள் சந்தில் தொந்தி வைத்திருந்தவர்கள் என்று எனக்கு நினைவில் இருப்பது வட்டிக்கடைக்காரரும் பலசரக்குக் கடை அண்ணாச்சியும்தான். சின்னப் பையன்களுக்கு அவர்களைப் பார்த்தால் பொறாமை. தொந்தி என்பது சம்பாதித்து வாங்குகிற சாமான் என்றே நினைத்திருந்தோம்.

பெரியப்பா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1960களின் தொடக்கத்தில் ரயிலேறி வந்தவர். அப்போது அவருக்கு இருபது வயது இருக்கும். காலாகில்லா பக்கம் ஒரு தோல் ஷெட்டில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிக்கிடக்கும் மாட்டுத்தோலை இழுத்து வெளியே போட வேண்டும். ஈரத்தோலின் கனம் தூக்கியவனுக்குத்தான் தெரியும் என்பார். காலையில் நிற்க ஆரம்பித்தால் பொழுது சாய்கிறவரை நிற்க வேண்டும். எட்டுப் பத்துப் பேராக கோலி என்கிற ஒரே அறையில் படுக்கை. மாதக் காசு கொடுத்து ஒரு அத்தை வீட்டில் சாப்பாடு. ஊரில் ஒரு வேளை கஞ்சி, ஒரு வேளை பட்டினி என்று இருந்தவருக்கு இங்கே ராத்திரியும் சோறு கிடைத்தது. சோறு இல்லாத நாளில் ரேஷன் கோதுமைச் சப்பாத்தி. சாயங்காலம் பாவும் டீயும்.

வந்த கொஞ்ச நாளில் அவர் செய்த ஒரு காரியம்தான் இதையெல்லாம் எழுத வைக்கிறது. சயான் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எடை மிஷின் ஒன்று நின்றது. ஏறி நின்று காசு போட்டால் கலர் விளக்குகள் மின்னும், கண்ணாடிக்குள் சக்கரம் சுற்றும், கடைசியில் ரயில் டிக்கெட் அளவுக்கு ஒரு கெட்டி அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். பெரியப்பா அந்த அட்டையைக் கவரில் வைத்து ஊருக்கு அனுப்பினார். மணியார்டரில் பணம் வரும், அதில் எழுதக் கொஞ்சம்தான் இடம். "நல்லா இருக்கேன்" என்று எழுதினால் ஆச்சி நம்ப மாட்டாள். மிஷின் போட்ட நம்பரை நம்பித்தானே ஆக வேண்டும்?

முதல் அட்டையில் 44 கிலோ. அடுத்து அனுப்பியதில் 49. வாத்தியார் படித்துச் சொன்னதும் ஆச்சி சுடலைமாடனுக்குப் பொங்கல் வைத்தாளாம். "பம்பாய்த் தண்ணி எம்பிள்ளைக்கு ஒத்துக்கிடுச்சு" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்ததைச் சித்தப்பா பின்னாளில் நடித்தே காட்டுவார்.

சித்தப்பா ஊரைவிட்டு வராதவர். வரப்பு வெட்டுவது, நாற்றுக் கட்டு சுமப்பது, கோயில் கொடை வந்தால் மேளத்துக்கு முன்னால் ஆடுவது என்று காலத்தைக் கழித்தவர். சாகிறவரை வேட்டியை இறுக்கிக் கட்ட இடுப்பு தேடவேண்டிய ஆள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே அச்சு, ஒரே உயரம், ஒரே மூக்கு. அறுபது வயதில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தபோது, பெரியப்பா சர்க்கரை வியாதியில் கால் விரல் எடுக்கப்பட்டு மொண்ணைக் காலோடு இருந்தார். மற்றவர் பனையேறிக் காட்டவா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

2010ல் வெளியான ஒரு ஆராய்ச்சியைப் படித்தபோது எங்கள் வீட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்களோ என்று திடுக்கிட்டேன். இந்திய இடப்பெயர்வு ஆய்வு என்று அதற்குப் பெயர். லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர் ஆலைகளில் வேலைக்கு வந்தவர்களையும், கிராமத்திலேயே தங்கிவிட்ட அவர்களுடைய கூடப்பிறந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். ஒரே தாய் வயிறு, வேறு வேறு ஊர். ஆண்களில், கிராமத்தில் இருந்தவர்களில் 19 சதவீதம் பேருக்கு உடல் பருமன். நகரத்துக்கு வந்தவர்களில் 37.8 சதவீதம். சர்க்கரை நோய் கிராமத்தில் 6.2, வந்தவர்களிடம் 14.3. நகரத்துக்காரர்களிடம் 13.5. வந்தவர்கள் நகரத்திலேயே இருந்தவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

அதே ஆய்வின் இன்னொரு கட்டுரைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நகரத்துக்கு வந்த முதல் பத்து வருஷத்துக்குள்ளேயே உடம்பில் கொழுப்பு விறுவிறுவென்று ஏறிவிடுகிறது. ரத்த அழுத்தமும் இன்சுலினும் அப்படி இல்லை. அவை வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஏறுகின்றன. கொழுப்பு முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, வியாதி நிதானமாகப் பின்னால் வருகிறது. இடையில் கிடந்த அந்தப் பதினைந்து இருபது வருஷத்தைத்தான் லேபர் கேம்ப்பில் "நல்லா இருக்காம்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பெரியப்பாவைக் குண்டு என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் சிரித்திருப்பார்கள். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் தேவனாருக்குப் போன பிறகு தோல் ஷெட்டுகள் ஒவ்வொன்றாக மூடின. பெரியப்பா ஒரு கோடவுனில் வாட்ச்மேன் ஆனார். நின்றவர் உட்கார்ந்தார். தோலைத் தூக்கிய தோள் இறங்கியது, சட்டைப் பட்டனுக்குக் கீழே வயிறு லேசாக எட்டிப் பார்த்தது. கையும் காலும் குச்சியாகவே இருந்தன. சுகர் என்று தெரிந்தபோது தெருவே ஆச்சரியப்பட்டது. "பணக்கார வியாதியாச்சே, அந்த மனுசன் ஒல்லிதானே, அவருக்கு எங்கிருந்து வந்துச்சு?" என்றார்கள். ஏதோ ஒரு கிளினிக்கில்கூட, எடை சரியாகத்தான் இருக்கிறது, இனிப்பை மட்டும் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். இனிப்பு என்று அவர் சாப்பிட்டது தீபாவளிக்குத்தான். டீயில் போட்ட சர்க்கரையை அவர் இனிப்பில் சேர்க்கவில்லை. அந்தக் காலத்தில் யார்தான் சேர்த்தார்கள்?

ஒல்லியான ஆளுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பக்கத்து ஊரான பூனாவிலேயே பதில் இருந்தது. அங்கே கே.இ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், தன்னையும் இங்கிலாந்து டாக்டர் ஜான் யுட்கினையும் பக்கத்தில் நிறுத்தி எடுத்த படம் 2004ல் லான்செட் இதழில் வந்தது. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2. தராசு இருவரையும் ஒன்றாகக் காட்டியது. உள்ளே இருந்த சரக்கு வேறு.

யாக்னிக் குழு பிறந்த குழந்தைகளிலிருந்தே இதைக் காட்டியது. பூனாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5. இங்கே பிறந்த குழந்தைக்குச் சதையும் உறுப்புகளும் சிறுத்திருந்தன; தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்து தெரியும், உள்ளே கொழுப்பு உண்டு. இதைப் படித்தபோது ஆச்சி என் அம்மாவிடம் சொன்னதாக அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. "நெறையத் திங்காத ஏட்டி, பிள்ளை பெருசாயிட்டா பெத்துப் பொழைக்க முடியாது." பேறுகாலத்தில் செத்துப்போன பெண்களைப் பார்த்த பயம் அது. ஆஸ்பத்திரி பத்து மைல் தள்ளி இருந்த காலத்தில் அதைக் குற்றம் சொல்ல முடியாது. அப்படி அளந்து ஊட்டி வளர்த்த உடம்பு, அளந்து உண்பதற்குத்தான் பழகியிருந்தது. பிறகு பம்பாய் வந்து ராத்திரிச் சோறு கண்டது.

கொழுப்பு எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பத்துக்குப் பத்து கோலியில் குடும்பம் நடத்தியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பரண் இருக்கிறவரை எந்தச் சாமானும் தொந்தரவில்லை, மேலே ஏற்றிவிடலாம். பரண் நிறைந்த பிறகு வாங்குகிற சாமான் அடுப்பு மேல் வரும், குளிக்கிற மோரியில் வரும், படுக்கிற இடத்தில் வரும். தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு பரண் சாமான், பெரிய தொல்லை தராது. அந்த இடம் நிறைந்ததும் மிச்சம் ஈரலில் போய்ச் சேர்கிறது, குடலைச் சுற்றிச் சேர்கிறது, கணையத்தில் புகுகிறது. கொழுத்த ஈரல் இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. ராத்திரியெல்லாம் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது. கணையம் இன்னும் இன்னும் இன்சுலின் சுரந்து களைக்கிறது.

சிலருக்குப் பரண் பெரிது. நூறு கிலோ ஏறினாலும் சர்க்கரை அண்டாமல் சிலர் உலாவுவது அதனால்தான். நமக்கு வாய்த்தது சின்னப் பரண். இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்து ராய் டெய்லர், ஆளாளுக்கு ஒரு கொழுப்பு எல்லை உண்டு என்கிறார். அந்த எல்லை எங்கே என்பதை எந்தச் சார்ட்டும் முன்கூட்டிச் சொல்லாது. இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 25 அல்ல, 23லேயே எச்சரிக்கை. ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று வரையறையை இறக்கியதும் இதனால்தான்.

பெரியப்பாவின் அட்டைகள் ஆச்சியின் தகரப் பெட்டியிலிருந்து என் கைக்கு வந்தபோது அவற்றைப் பார்த்த பார்வை வேறாகிவிட்டது. 44, 49, 54. ஊருக்கு அனுப்புவதை நிறுத்திய பிறகும் பழக்கத்தில் ஏறி நின்றிருக்கிறார். 60 என்று ஒரு அட்டை அவர் டைரியில் இருந்தது. ஐந்தடி நாலங்குல உயரத்துக்கு 60 கிலோ சார்ட்டில் பச்சைக் கோட்டுக்குள்தான் வரும். டாக்டர் சொன்னது சார்ட்டுப்படி சரி. ஆனால் அந்த 60 கிலோவில் 16 கிலோ, ஆள் வளர்ந்து முடிந்த பிறகு ஏறியது. அதிலும் கடைசியில் ஏறியது முழுக்க வயிற்றில். தோலைத் தூக்கிய காலத்துச் சதை வாட்ச்மேன் நாற்காலியில் கரைந்தது, அந்த இடத்தில் கொழுப்பு வந்தது. அந்தக் கொடுக்கல் வாங்கல் தராசில் தெரியாது. முதல் ஐந்து கிலோவுக்கு ஆச்சி பொங்கல் வைத்தது நியாயம்தான். 44 கிலோ உடம்புக்கு அது தேவைப்பட்டது. எந்த கிலோவோடு நல்லது முடிந்து கெட்டது தொடங்கியது என்று மட்டும் அந்த மிஷினுக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்பக்கத்து ஜோசியத்திலும் அது இல்லை.

அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான நர்ஸுகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1995ல் வந்தது. இப்போது எத்தனை கிலோ என்பதோடு, 18 வயதில் எத்தனை கிலோ இருந்தீர்கள் என்றும் கேட்டார்கள். அப்போதைய எடையிலேயே ஏறக்குறைய நின்றவர்களைவிட, ஐந்திலிருந்து எட்டு கிலோ கூடியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எட்டிலிருந்து பதினொன்று கூடியவர்களுக்கு 2.7 மடங்கு. ஐந்து கிலோ கூடினவளை நம் ஊரில் யாராவது குண்டு என்பார்களா? "கல்யாணமாயி இப்பதான் பொம்பளை மாதிரி இருக்கா" என்பார்கள்.

லேபர் கேம்ப் பெண்களின் உடம்பு மாறியதற்கு இன்னொரு கணக்கு உண்டு. பெரியம்மா விடியுமுன் எழுந்து தண்ணீருக்கு நிற்பாள். பொதுக் குழாயில் வரிசை, சண்டை, பிறகு இடுப்பில் குடம், கையில் வாளி, சந்து சந்தாக நடை. சாயங்காலம் இட்லி மாவு ஆட்டுவது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இட்லிதான் பிழைப்பு. கருக்கலில் அவித்து எடுத்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, ஆண்கள் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு புறப்படுவார்கள். பெண்கள் குனிந்து நிமிர்ந்து ஆட்டுரலைச் சுற்றினார்கள். பிறகு கிரைண்டர் வந்தது, வீட்டுக்குள் குழாய் வந்தது. சிலருக்குக் குடிசை மறுவாழ்வுக்கான எஸ்.ஆர்.ஏ. கட்டடத்தில் 225 சதுர அடி வீடும் லிஃப்டும் வந்தன. ஒவ்வொன்றும் வரம். பெரியம்மா முதல் நாள் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அழுததைப் பார்த்தவன் நான். குடம் சுமப்பதில் புனிதம் ஒன்றும் கிடையாது. ஆனால் குடம் இறங்கியது, சோற்றின் அளவு இறங்கவில்லை. விற்று மிஞ்சிய இட்லியும் வீணாகக் கூடாதே என்று அவள் தட்டுக்கே வந்தது. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு கூடிய எடை இறங்கவே இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு இடுப்பிலும் தொடையிலும் இருந்தது வயிற்றுக்கு இடம் மாறியது. ஈஸ்ட்ரோஜன் குறையும் வயதில் பெண் உடம்பு அப்படித்தான் செய்யும். ஐம்பத்து சொச்சத்தில் பிரஷர் மாத்திரை, அடுத்துச் சர்க்கரை மாத்திரை.

இதற்கெல்லாம் எதிர்த் திசையில் ஓடிய ஒரு தராசும் எங்களிடம் இருந்தது. காசநோய்த் தராசு. "சிவ்ரி" என்று ஒரு சொல் சொன்னால் போதும், டி.பி. ஆஸ்பத்திரி என்று எல்லோருக்கும் புரியும். சொன்னவர் குரலும் தானாக இறங்கும். அத்தை மகனுக்கு வந்தபோது டாட்ஸ் மாத்திரைகள் வந்துவிட்டிருந்தன. போகும்போதெல்லாம் எடை பார்ப்பார்கள். அரைக் கிலோ கூடினால் அத்தை தெருவுக்கே சொல்வாள். முட்டை, பால், வேர்க்கடலை, ஆட்டுக்கால் சூப்பு. அவள் செய்ததில் அறிவியல் இருந்தது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கு உணவுப் பொருள் கொடுத்து நடத்திய ஆய்வு 2023ல் வந்தது. முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதவீத எடை கூடியவர்களுக்குச் சாவு ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்ததாகக் கண்டார்கள். காசநோயாளிக்கு ஏறுகிற கிலோ உயிர்.

பெருப்பதெல்லாம் கேடு என்று என்னால் எழுத முடியாமல் போவது இங்கேதான். யார் உடம்பில், எந்த வயதில், எங்கிருந்து தொடங்கி ஏறுகிறது என்று பார்க்காமல் கிலோவைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு. அத்தான் பிழைத்தார், உடம்பு தேறினார், தேறியது நிற்கவில்லை. நாற்பதில் அவருக்கும் சர்க்கரை. சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதால், அத்தை இன்றைக்கும் மகன் இருமினால் விளக்கைப் போட்டுவிடுகிறாள்.

மெலிவதிலும் இதே சிக்கல்தான். பக்கத்து வீட்டு மாமா ஒரு வருஷத்தில் சரசரவென்று இளைத்தார். இது இளைத்தால் பாராட்டுகிற காலம். "ஜிம்முக்குப் போறீங்களா மாமா?" என்று பையன்கள் கேட்டார்கள். அவருக்கும் பெருமை. தாகம் தாங்காமல் ராத்திரி நாலு தடவை எழுந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது, உடம்பு தன் சதையையே எரித்துத் தின்றுகொண்டிருந்தது. பழைய லேபர் கேம்ப்பாக இருந்திருந்தால் தெரு கூடி விசாரித்து ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்கும். மெலிந்தவனைத் துருவித் துருவிக் கேட்ட அந்தப் பழக்கத்தை விட்டிருக்க வேண்டாம். பெருத்தவனையும் அதேபோல் கேட்டிருக்கலாம்.

என்னையும் ஒருவர் கேட்டார். தொண்ணூறு அடி ரோட்டில் கிளினிக் வைத்திருக்கும் தமிழ் டாக்டர். வெறும் வயிற்றில் சர்க்கரை 118, மூன்று மாதச் சராசரி 6.2 என்றது லேப் ரிப்போர்ட். சர்க்கரை நோய் என்று சொல்ல இன்னும் கொஞ்சம் தூரம், இல்லை என்று சொல்லும் எல்லை தாண்டியாயிற்று. எடை 61 கிலோ, பி.எம்.ஐ. 23ஐ ஒட்டித்தான். பெரியப்பாவின் உயரமே எனக்கும். "எடை சரியாத்தானே டாக்டர் இருக்கு?" என்றேன்.

"இருபது வயசுல எத்தனை கிலோ இருந்தீங்க?" என்றார்.

எனக்கு அது தெரிந்திருந்தது தற்செயல். காலேஜில் ரத்ததானத்துக்குப் பேர் கொடுத்தபோது நிறுத்துப் பார்த்து, 45க்கு மேல் இருக்கிறான், எடுக்கலாம் என்று 48 எழுதினார்கள். "அப்ப பதிமூணு கிலோ சார். சார்ட்டு உங்களை மத்தவங்களோட ஒப்பிடுது. நீங்க உங்களோட ஒப்பிட்டுப் பாருங்க" என்றார் டாக்டர். பெரியப்பாவுக்கு இப்படிச் சொல்ல ஆள் இல்லை. அவரிடம் இருந்த சாட்சி எல்லாம் ஊரில் ஒரு தகரப் பெட்டிக்குள் பூட்டிக்கிடந்தது.

ஏறியதை இறக்கினால் உடம்பு மன்னிக்குமா? ஓரளவுக்கு மன்னிக்கிறது. 2017ல் ராய் டெய்லரும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து மைக்கேல் லீனும் வெளியிட்ட ஆய்வில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்த பிரிவில் ஒரு வருஷ முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். பதினைந்து கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். "பதினஞ்சு கிலோ போனா எங்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்?" என்று பெரியப்பா கேட்டிருப்பார். அவருக்கும் ஒரு ஆய்வு உண்டு. பி.எம்.ஐ. 21க்கும் 27க்கும் இடையில் உள்ள, பார்வைக்குக் குண்டில்லாத இருபது சர்க்கரை நோயாளிகளை டெய்லர் குழு எடையில் ஒரு பத்து சதவீதம் போல் குறைக்க வைத்தது. 14 பேர் மீண்டார்கள். கணையத்திலிருந்து வெளியேற வேண்டிய கொழுப்பு ஒரு கிராமுக்கும் குறைவு என்று டெய்லர் முன்பே காட்டியிருக்கிறார். அந்த ஒரு கிராமை வெளியேற்ற உடம்பு முழுக்கக் கிலோக்கணக்கில் இறக்க வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் இது கைகூடாது. இறங்கியது மறுபடி ஏறினால் சர்க்கரையும் திரும்பி வருகிறது. வியாதி வந்து வருஷங்கள் ஓடிவிட்டால் களைத்த கணையம் முழுசாக எழுந்திருப்பதும் கஷ்டம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினியில் இறங்குவது ஆபத்து.

எனக்கு அதிகம் பிடித்தது சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். நடை, உணவில் மாற்றம் என்று ஒரு பிரிவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று வருஷ முடிவில், வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோய்க்குள் போய்விட்டார்கள், நடந்தவர்களில் 39.3 சதவீதம். 2006ல் வந்த இந்த முடிவில் ஒரு விசேஷம், அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. ஏறாமல் நின்றது, உள்ளே ஏதோ சீரானது. இறக்க முடியாதவர்களுக்கு, ஏறாமல் நிறுத்துவதே ஒரு வைத்தியம்.

இப்போது லேபர் கேம்ப்பில் பொங்கல் சமயத்தில் சர்க்கரை முகாம் நடத்துகிறார்கள். தெருவில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துக் குலவை போட்டு முடிந்த பிறகு, ஒரு பெஞ்சைப் போட்டு விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். வயதுவந்தவர்களில், நாட்டில் 11.4 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கும் சர்க்கரை இருப்பதாக 2023ல் வந்த தேசிய ஆய்வு சொல்கிறது. எங்கள் தெருவில் பெஞ்சுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இரண்டும் குறைவோ என்று தோன்றும். முகாமின் படிவத்தில் பெயர், வயது, எடை, சர்க்கரை என்று நாலு கட்டம். இருபது வயதில் என்ன எடை என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னேன். எழுதுகிற பையன் புத்திசாலி. "யாருக்கு அங்கிள் ஞாபகம் இருக்கும்? தெரியாதுன்னா என்ன போட?" என்றான்.

"கல்யாணத்துக்குத் தச்ச பேண்ட்டு என்ன சைஸ்னு கேளு. பொம்பளைங்ககிட்ட பிளவுஸ் அளவு கேக்க வேண்டாம், அடி விழும். கல்யாணத்தப்ப போட்ட வளையல் இப்ப ஏறுதான்னு கேளு" என்றேன். வளையலுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியம்மாவின் மருமகள் சண்டைக்கு வந்தாள். அவள் சொன்னது நியாயம்தான். டேப் வாங்கி வந்து அளந்துவிடுவது என்று முடிவாயிற்று.

வரிசையில் முதலில் நின்றவர் ரிட்டயர்டு ஒர்க்‌ஷாப்காரர். "அப்ப இருபத்தெட்டு, இப்ப முப்பத்தாறு" என்றார் சத்தமாக. பின்னாலிருந்து அவர் மனைவி, "பொய் சொல்லாதீங்க, போன தீபாவளிக்கே நாப்பது எடுத்தோம்" என்றார். பையன் இருபத்தெட்டு, நாற்பது என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.